வரிப்புத்தகத்தில் வாழும் பாட்டனார்

சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றில் ஓலை வழக்கு ஒன்று வருவதைத் தமிழர் அறிவர். புத்தூர் மணப்பந்தலில் முதிய அந்தணர் ஒருவர் தோன்றி, மணமகன் தமக்கு வழியடிமை என்று கூறி ஓர் ஓலையைக் காட்டுகிறார். மணமகன் அதனைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையை அடைந்தபோது, கிழிந்தது படியோலையே என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளதென்றும் முதியவர் கூறுகிறார். அம்மூல ஓலையின் எழுத்து மணமகனுடைய பாட்டனாரின் எழுத்துத்தானா என்று காண, அவர் முன்பு எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து அவையோர் ஒப்புநோக்குகின்றனர். எழுத்து ஒத்திருந்தது, வழக்கு முடிந்தது.

பெரியபுராணம் கூறும் இந்நிகழ்ச்சியில் பக்திச் சுவையோடு ஆவண நெறியும் அடங்கியிருக்கிறது. ஓர் ஏடு அழிந்தால் அதற்கு மூலமோ படியோ வேறெங்கேனும் உண்டா என்று தேட வேண்டும். கிடைத்ததை மற்றோர் ஏட்டோடு வைத்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்த பின்னரே பாட்டனார் இன்னார் என்று சொல்ல வேண்டும். இந்த நெறியை ஒரு நாட்டு மக்களே கைக்கொள்ள நேர்ந்த வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். அந்த நாடு அயர்லாந்து.

1845 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு கொடுநோய் தாக்கிற்று. ஏழை உழவனுக்கு அக்கிழங்கே முழு உணவு. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பயிர் அழிந்தது. பசியாலும் காய்ச்சலாலும் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். 1841 ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 81,75,124 ஆக இருந்த மக்கள் தொகை, 1851 இல் சுமார் 65 லட்சமாகச் சுருங்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கரையேறியவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று தம் முன்னோரின் ஊரைத் தேடுகின்றனர். பெரும்பாலோர் கையில் இருப்பவை ஒரு பெயரும், ஒரு மாவட்டத்தின் பெயரும், பாட்டி சொன்ன ஒரு கதையுமே.

தேடத் தொடங்கியவர்கள் முதலில் காண்பது ஒரு பெரும் வெற்றிடம். டப்ளின் நகரில் நான்கு நீதிமன்றங்கள் எனப் பெயர் பெற்ற கட்டடத் தொகுதியில் பொது ஆவணச் சாலை அமைந்திருந்தது. குடிமதிப்பேடுகள், உயில்கள், நீதிமன்றப் பதிவுகள், அயர்லாந்துத் திருச்சபையின் கோயிற் பதிவேடுகள் ஆகியவை பல நூற்றாண்டுகளிலிருந்து அங்கே திரட்டி வைக்கப்பட்டிருந்தன. 1922 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28 ஆம் நாள் உள்நாட்டுப் போர் அக்கட்டடத்திலேயே மூண்டது. ஜூன் 30 இல் நிகழ்ந்த வெடிப்பிலும் தீயிலும் ஆவணச் சாலை எரிந்தது. கருகிய தாள்கள் நகரெங்கும் பறந்து விழுந்தன. 1821 முதல் 1851 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த நான்கு குடிமதிப்புகளும், சில துண்டுகள் நீங்கலாக, அன்றே சாம்பலாயின.

மற்றக் குடிமதிப்புகளின் கதையோ இன்னும் வருந்தத்தக்கது. 1861, 1871 ஆம் ஆண்டு ஏடுகளை, எண்ணிக்கை கூட்டி முடித்தவுடன், அரசே அழித்துவிட்டது. 1881, 1891 ஆம் ஆண்டு ஏடுகள் முதல் உலகப் போர்க்காலத்தில், காகிதப் பற்றாக்குறையால் கூழாக்கப்பட்டன. பகைவர் தீ வைத்து அழித்ததைக் காட்டிலும், பயனற்றதென்று கருதி அதிகாரிகள் கையொப்பமிட்டு அழித்ததும் குறைவன்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். முழுமையாக எஞ்சியவற்றுள் மிகப் பழையது 1901 ஆம் ஆண்டுக் குடிமதிப்பே. பிறப்பு, இறப்பு, மணம் ஆகிய மூன்றையும் எல்லாச் சமயத்தாருக்கும் அரசு பதியத் தொடங்கியதோ 1864 இல்தான். பஞ்சத்திற்கு முன் பிறந்து, பஞ்சத்தின்போது கப்பலேறிய ஒருவனுக்கு அரசின் பிறப்புப் பதிவும் இல்லை, குடிமதிப்பும் இல்லை.

அப்படியாயின் அவன் எங்கே இருக்கிறான்? வரிப்புத்தகத்தில் இருக்கிறான்.

அவன் பிறந்ததை அரசு எழுதிவைக்கவில்லை; அவன் செலுத்த வேண்டியதை எழுதிவைத்தது. அத்தகைய ஏடுகளுள் காலத்தால் முந்தியது தசமபாகப் பங்கீட்டுப் புத்தகம். 1823 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கி 1830களின் பிற்பகுதி வரை கோயிற்பற்றுவாரியாக எழுதப்பட்டது. ஆங்கில அரசின் ஆதரவு பெற்ற அயர்லாந்துத் திருச்சபைக்கு, எச்சமயத்தவராயினும் பயிர் செய்வோர் அனைவரும் வரி செலுத்த வேண்டும் என்பது அக்கால ஆணை. உழவர்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். தாம் வழிபடாத கோயிலுக்குத் தம் விளைவில் பங்கு கொடுக்க மறுத்து 1830களில் கிளர்ந்தெழுந்தனர். 1838 இல் வரி குறைக்கப்பட்டு, அதனைச் செலுத்தும் பொறுப்பு நிலக்கிழார் மீது மாற்றப்பட்டது. கிளர்ச்சி ஓய்ந்து வரியும் மறைந்த பின்னர், புத்தகம் மட்டும் நின்றது. அன்று உழவன் வெறுத்த அவ்வேட்டிலேதான் இன்று அவன் பேரன் அவன் பெயரைக் கண்டு மகிழ்கிறான்.

இரண்டாவது ஏடு இதனினும் பெரிது. ரிச்சர்டு கிரிஃபித் (1784–1878) என்னும் நிலவியல் அறிஞரின் மேற்பார்வையில் நாடு முழுவதும் மதிப்பிடப்பட்டு, 1847 முதல் 1864 வரை பகுதி பகுதியாக அச்சிடப்பட்டது. ஏழையர் உதவிக்கும் உள்ளூர்ச் செலவுக்கும் வரி விதிப்பதே இதன் நோக்கம். ஏறத்தாழப் பத்து லட்சம் பெயர்கள் இதில் உள்ளன. அச்சேறியதால் இதன் படிகள் பல இடங்களில் இருந்தன. ஓரிடத்துத் தீ இதனை அழிக்க இயலவில்லை. படியோலைக்கும் ஒரு பெருமை உண்டென்பதை இது காட்டுகிறது.

கிரிஃபித் மதிப்பீட்டின் ஒரு பக்கத்தை விரித்து நோக்குவோம். முதற் பத்தியில் நிலப்படத்தோடு பொருந்தும் எண், அடுத்து நிலத்தை அனுபவிப்பவர் பெயர், அதற்கடுத்து அவருக்கு நேரே குத்தகை விட்டவர் பெயர், பின்னர் வீடு, தொழுவம், நிலம் என்ற விவரம், பரப்பு, நிலத்தின் ஆண்டு மதிப்பு, கட்டடத்தின் ஆண்டு மதிப்பு, மொத்தம். மைய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணியிலே நாளைக் கழிக்கும் நமக்கு, குத்தகை விட்டவரை அந்த ஏடு 'நேரே' விட்டவர் என்று குறிப்பது மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றிற்று. உழவனுக்கு மேலே ஒருவன். அவனுக்கு மேலே மற்றொருவன். யாவர்க்கும் மேலே லண்டனிலோ டப்ளினிலோ வாழும் பெருநிலக்கிழார். அந்த ஏணியில் ஒரு படியை மட்டுமே ஏடு காட்டுகிறது. ஆனால் அந்த ஒரு படியே தேடுவோனுக்கு வழியாகிறது. குத்தகை விட்டவரின் பெயர் தெரிந்தால் அவருடைய பண்ணைக் கணக்குகளைத் தேடலாம். அவற்றில் வாடகை கொடுத்தவன், கொடாதவன், வெளியேற்றப்பட்டவன் ஆகியோரின் பெயர்கள் இருக்கக்கூடும்.

மதிப்பீட்டுக்கு அடிப்படையாக அமைந்தவை, மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைந்த நிலப்படங்கள். தாமஸ் கோல்பி என்னும் படைத்துறைப் பொறியாளர் அவ்வளவைக்கு அடித்தளக் கோடு அளக்க, வெப்பத்தால் நீளம் மாறாத இரட்டை உலோகக் கோல்களை அமைத்தார். அத்தகைய கோல்களைக் கொண்டே பின்னர் ஜார்ஜ் எவரெஸ்ட் கல்கத்தாவில் இந்திய அளவைக்கான கோட்டை அளந்தார். அயர்லாந்தின் உழவனுடைய வயலையும் நம் நாட்டு மலைமுடிகளையும் ஒரே வகைக் கோல் அளந்தது என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

ஏட்டைக் கண்டவுடன் முன்னோரைக் கண்டதாக மகிழ்வது தவறு. இங்கேதான் பலர் இடறுகின்றனர். ஒரே சிற்றூரில் ஒரே பெயருடையோர் நால்வர் ஐவர் இருப்பர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம் போலவே அவர் வழக்கமும் ஆகும். இதனை உணர்ந்த மதிப்பீட்டாளர், பெயருக்குப் பின்னே தந்தையின் பெயரையோ தலைமயிரின் நிறத்தையோ சேர்த்து எழுதினர். குடும்பப் பெயரின் முன்னுள்ள 'ஓ' என்னும் எழுத்து வழித்தோன்றல் என்றும், 'மக்' என்பது மகன் என்றும் பொருள்படும். ஆங்கில ஆட்சியில் இவற்றைக் கைவிட்டவர் பலர். பின்னாளில் மீண்டும் சேர்த்துக்கொண்டவரும் பலர். ஆகவே ஓ-சல்லிவனைத் தேடுபவர் சல்லிவனையும் தேடியாக வேண்டும்.

அளவும் ஏமாற்றும். தசமபாகப் புத்தகத்தில் 10 ஏக்கர் வைத்திருந்தவன், கிரிஃபித் மதிப்பீட்டில் 16 ஏக்கர் வைத்திருப்பதாகக் காண்போம். அவன் இடையிலே செல்வனாகிவிட்டான் என்று முடிவு செய்யலாகாது. முன்னது பெரும்பாலும் ஐரிஷ் ஏக்கர். பின்னது ஆங்கில ஏக்கர். ஓர் ஐரிஷ் ஏக்கர் 1.62 ஆங்கில ஏக்கருக்குச் சமம். அதே வயலை இரண்டு கோல்கள் அளந்தன, அவ்வளவே. இந்தக் கணக்கு ஒத்து வருமானால், இரண்டு ஏடுகளிலும் வருபவன் ஒருவனே அல்லது தந்தையும் மகனும் என்று கருத ஓரளவு சான்று கிடைக்கிறது.

இதற்குப் பின்னரும் ஒரு தடை உண்டு. 1847 க்குப் பிறகே அச்சேறத் தொடங்கிய ஏட்டில், அதற்கு முன் புறப்பட்டவன் எங்ஙனம் இருப்பான்? இதற்கு விடை கூறப் புகழ் பெற்ற ஒரு குடும்பத்தைச் சான்றாகக் கொள்ளலாம். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய ஜான் கென்னடியின் பாட்டனாரின் தந்தை பாட்ரிக் கென்னடி. வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்து டங்கன்ஸ்டவுன் என்னும் சிற்றூரினர்; 1840களின் இறுதியில் கப்பலேறினார்; பாஸ்டன் நகரில் பீப்பாய் செய்யும் தொழிலாளியாக உழைத்து, 1858 இல் இறந்தார். அம்மாவட்டத்தின் மதிப்பீடு அச்சாகுமுன்னரே அவர் ஊரைவிட்டு நீங்கிவிட்டார். ஆனால் குடும்பத்தார் நிலத்தில் தங்கினர். 1963 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் நாள் கென்னடி அச்சிற்றூருக்குச் சென்றபோது, அதே பண்ணையில் வாழ்ந்த உறவினர் அவரை வரவேற்றுத் தேநீர் வழங்கினர். சென்றவன் ஏட்டில் இல்லையாயின் நின்றவனைத் தேட வேண்டும். ஊரை விட்டுச் சென்றவனுக்கு ஊரில் நின்ற உடன்பிறந்தானே முகவரி.

அவ்வாறு நின்றவர்களைத் தொடர்ந்து காண மற்றொரு வரிசை ஏடுகள் துணை செய்கின்றன. கிரிஃபித் மதிப்பீடு முடிந்த பின்னரும் அதிகாரிகள் அவ்வப்போது ஊர்களைப் பார்வையிட்டு மாற்றங்களைக் குறித்தனர். பழைய பெயரை அடித்து, புதிய பெயரை வேறு நிற மையால் எழுதி, ஓரத்தில் ஆண்டினைக் குறிப்பர். ஒரு நிறத்தில் கணவன் பெயர் நீங்கி மனைவி பெயர் ஏறுகிறது; அவன் இறந்திருக்கலாம். மற்றொரு நிறத்தில் அவள் பெயர் நீங்கி மகன் பெயர் வருகிறது. பின்னொரு நிறத்தில் வீடு இடிந்தது என்ற குறிப்பு மட்டும் நிற்கிறது. ஒரு குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் நான்கு மை நிறங்களில் அடங்கிவிடுகின்றன.

பஞ்சத்துக்கு முந்திய நூற்றாண்டுக்குச் செல்ல விரும்புவோர் டப்ளினிலுள்ள பத்திரப் பதிவுச் சாலையை அணுக வேண்டும். இது 1708 இல் தொடங்கியது. கத்தோலிக்கர் நிலம் வாங்கலாகாது என்றும், 31 ஆண்டுக்கு மேல் குத்தகை பெறலாகாது என்றும் 1704 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அத்தடையைக் கண்காணிக்கவும் இப்பதிவு பயன்பட்டது. 1922 ஆம் ஆண்டுத் தீ இச்சாலையை எட்டவில்லை. பத்திரத்தின் சுருக்கம் பெரும் புத்தகங்களிற் பெயர்த்தெழுதப்பட்டு, உரிமை கொடுத்தவர் பெயராலும் நிலத்தின் பெயராலும் அகராதியிடப்பட்டுள்ளது. பெற்றவர் பெயரால் அகராதி இல்லை. எனவே ஏழைக் குத்தகைதாரனைத் தேடுபவர் இங்கும் நிலக்கிழாரின் பெயரைப் பிடித்தே செல்ல வேண்டும்.

இங்குள்ள ஆவணங்களுள் மூன்றாயுள் குத்தகை என்பது கருதத்தக்கது. இத்தனை ஆண்டு என்று கூறாமல் மூவர் பெயரைக் குறித்து, அம்மூவருள் கடைசியாக வாழ்பவர் உயிருள்ளவரை குத்தகை செல்லும் என்பது இதன் நிபந்தனை. குத்தகை நெடுங்காலம் நீடிக்க வேண்டுமென்ற ஆசையால் உழவர் தம் சிறு பிள்ளைகளின் பெயர்களையே எழுதுவித்தனர். வயதையும் சில வேளைகளில் குறித்தனர். நிலத்தைக் காக்கும் பொருட்டுத் தந்தை எழுதிய மகளின் பெயர், இருநூறு ஆண்டு கழிந்து அவள் பிறந்தாள் என்பதற்கே சான்றாக நிற்கிறது.

ஆனால் இவ்வேடுகளின் மௌனத்தையும் கேட்க வேண்டும். நிலம் இல்லாத கூலியாள் இவற்றில் பெரும்பாலும் இல்லை. பிறர் கொல்லையில் ஒரு பருவத்துக்கு மட்டும் கிழங்கு நட இடம் பெற்றவன் இல்லை. குடும்பத் தலைவர் அல்லாத பெண்களும் பிள்ளைகளும் இல்லை. பஞ்சத்தில் முதலில் மாண்டவர்கள் இவர்களே. ஆகவே ஏட்டில் பெயரில்லாதவன் வாழவேயில்லை என்று எண்ணுவது அவனை இரண்டாம் முறை அழிப்பதாகும். இவர்களைப் பற்றிப் பேசும்போது உள்ளதைக் கூறி, இல்லாத இடத்தில் வாய் திறவாமல் நிற்பதே நேர்மை. விருப்பத்தின் காரணமாக யாரோ ஒருவனைப் பாட்டனாக்கிக் கொள்வது எளிது. உண்மையான பாட்டனுக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை.

அழிந்ததென்று கைவிட்டவையும் சில வேளை வேறு வழியே திரும்பி வருகின்றன. 1909 ஆம் ஆண்டு முதல், 70 வயது நிரம்பியவர்க்கு அரசு முதியோர் உதவித்தொகை வழங்கிற்று. வயதைக் காட்டப் பிறப்புச் சான்று இல்லாத முதியவர்கள், 1841, 1851 ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் தம் பெயரைத் தேடித் தருமாறு விண்ணப்பித்தனர். எழுத்தர்கள் ஏட்டைப் புரட்டி, கண்டதைச் சீட்டில் எழுதினர். பின்னர் ஏடுகள் எரிந்தன, சீட்டுகள் பிழைத்தன. வாரத்துக்கு ஐந்து ஷில்லிங் வேண்டி ஒரு கிழவி இட்ட விண்ணப்பம், அவள் தந்தையின் குடும்பத்தைத் தீயிலிருந்து காத்தது. அத்தீயின் நூற்றாண்டு நிறைவுற்ற 2022 ஆம் ஆண்டு ஜூனில், எரிந்த ஆவணச் சாலையை மின்வலையில் மீண்டும் எழுப்பும் முயற்சி மக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. பல நாட்டுக் காப்பகங்களில் சிதறிக் கிடந்த படிகளைத் திரட்டி, எரிந்த மூலங்களின் இடத்தை நிரப்புகின்றனர்.

இவ்வரலாற்றைத் தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழராகிய நாம் அயலார் கதையென்று கேட்டு எழுந்து போகலாகாது. நம் பெயருக்கு முன்னே நிற்கும் தலைப்பெழுத்துகளுள் ஒன்று பெரும்பாலும் ஊரைக் குறிப்பது. அலுவலகப் படிவங்களிலே அதற்கு இடமில்லாமற் போக, நம் பிள்ளைகள் அதனை விட்டுவிடுகின்றனர். ஐரிஷ் மக்கள் 'ஓ'வை விட்டதைப் போல. அந்த எழுத்து எந்த ஊர், அவ்வூரில் எந்தத் தெரு, பாட்டனார் பெயரிலிருந்த பட்டாவின் எண் என்ன, ஊரில் தங்கிய பெரியப்பாவின் மக்கள் யாவர் என்பவை இன்று நம் நினைவில் உள்ளன. இன்னும் முப்பது ஆண்டுகளில் அவை எவர் நினைவிலும் இரா.

அந்த ஐரிஷ் உழவனுக்குத் தன் ஊரையும் உறவையும் எழுதிவைக்க நேரமும் இல்லை, பெரும்பாலும் எழுத்தறிவும் இல்லை. வரி வாங்க வந்தவனே அவனுக்காக எழுதினான். நமக்கு எழுத்தும் உண்டு, தாளும் உண்டு. ஊருக்கு அடுத்த முறை செல்லும்போது பழைய பத்திரங்களைக் கண்டு, ஒரு படி எடுத்து, வேறோரிடத்தில் காப்பாக வைப்போம். மூல ஓலை ஓரிடத்திலும் படியோலை ஓரிடத்திலும் இருக்கட்டும். நாளை நம்மைத் தேடி வரும் பேரனுக்கு, நாம் விட்டுச் செல்லும் முதற் சொத்து அதுவேயாகும்.